டி எழுத்துக்கு ஒரு நாடு

மணலூர்பேட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. பலகையில் ஏதோ பெயர் எழுதியிருக்கிறது. அதைப் படித்தவர் இதுவரை பிறக்கவில்லை. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, “துபாய் வூடெல்லாம் எறங்கு” என்பார். நாலு பேர் இறங்குவார்கள்.

அந்தத் துபாய் வீட்டுக்காரர் ராமசாமி. பத்தொன்பது வருஷம் துபாயில் கான்கிரீட்டுக்குப் பலகை அடித்துவிட்டுத் திரும்பி, இப்போது மூன்று ஏக்கரில் கரும்பு வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ராமசாமி மேல்தான் விழ வேண்டும், அத்தனை ராமசாமிகள். ஆனால் துபாய் ராமசாமி என்றால் தபால்காரருக்குத் தெரியும், உரக்கடைக்காரருக்குத் தெரியும், ஏரியில் மேயும் எருமைக்கும் தெரியும். சென்னையையே மூன்று தடவைதான் பார்த்திருக்கிற மனைவி ரங்கம்மாள் ஊருக்குத் துபாய்க்காரம்மா. வாசலில் கட்டிக்கிடக்கிற நாய், துபாய் நாய். அது கடித்தால் ஊசிக்குக்கூட விலை ஜாஸ்தி என்று ஒரு பேச்சு உண்டு.

கள்ளக்குறிச்சியில், வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பாஸ்போர்ட்டைத் தொலைத்தவனுக்கு மனு எழுதித் தருவது, அங்கே மாட்டிக்கொண்டவனின் வீட்டாருக்கு வழி சொல்வது, வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலையேறி, கரியாலூரில் கூட்டம் போட்டு, ஆட்டுக்கறி பிரியாணியோடு இறங்கி வருவது, இவைதான் அதன் வேலைகள். உறுப்பினர் இருநூற்றுப் பதினாலு பேர். அதில் பாதிப்பேர் சவூதிக்காரர்கள். எப்போது தேர்தல் வைத்தாலும் தலைவர் முதல் பந்தி பரிமாறுகிறவர் வரைக்கும் சவூதியாகவே வந்தார்கள். போன வருஷம் பிரியாணியில் கறித்துண்டு முழுக்க சவூதி இலைகளுக்கே போய்விட்டது என்று குவைத்துக்காரர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன பிறகுதான், செயலாளர் அன்புச்செல்வன் புது முறை ஒன்றைக் கொண்டுவந்தார்.

அன்புச்செல்வன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையின் ஸ்டோரில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். நட்டு, போல்ட்டு, வாஷர் எதுவானாலும் ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கி அடுக்கி, மனுஷருக்கு அதுவே ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு மேல் ‘எம்’ என்று ஒட்டியவர். சீரகத்துக்கு சி-யா ஜே-யா என்பதில் அவருக்கும் அவர் மனைவிக்கும் ஏழு மாதம் பேச்சுவார்த்தை கிடையாது.

அவர் சொன்ன முறை சுலபமானது. வேலை பார்த்த நாட்டின் ஆங்கிலப் பெயர் எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறதோ அந்த எழுத்துக்கு ஒரு பிரதிநிதி. எழுத்துக்கு ஒருவர்தான். எஸ் எழுத்தில் சவூதியும் சிங்கப்பூரும் எத்தனை நூறு பேர் இருந்தாலும் மேடையில் ஒரே நாற்காலி. ஓ எழுத்தில் ஓமன் மட்டும், க்யூ எழுத்தில் கத்தார் மட்டும். அவர்களுக்கும் ஒரு நாற்காலி.

“டபிள்யூவுக்கு ஆரு?” என்று கேட்டார் சவூதி பாவாடை. பல வருஷம் தலைவராக இருந்து, இந்தப் புது முறையில் பதவி போனவர்.

“டபிள்யூல நாடு இல்லீங்க.”

“வெஸ்ட் இண்டீஸ் இன்னாச்சி?”

“அது நாடு இல்லீங்க, கிரிக்கெட்டு டீமு.”

“நாடு இல்லாமயா இத்தினி வருசமா நம்மள அடிச்சிக்கினு இருந்தானுங்க?”

பாதிக் கூட்டம் பாவாடை பக்கம் சாய்ந்தது. அன்புச்செல்வன் டபிள்யூவை ஒத்திவைத்தார்.

ராமசாமிக்கு இந்த முறை கற்கண்டாக இனித்தது. டி எழுத்தில் துபாய். துபாய்க்காரர்கள் அறுபத்தொரு பேர். அத்தனை பேரும், “நீங்களே நில்லுங்க” என்று சொல்லிவிட்டார்கள். போட்டி இல்லை. கரியாலூர் மேடையில் ‘துபாய் ராமசாமி’ என்று அட்டை எழுதிய நாற்காலியில் உட்காரலாம், ஐந்து நிமிஷம் மைக் பிடிக்கலாம். அதைக் கீழே உட்கார்ந்து சின்னராசு பார்க்க வேண்டும். இந்தக் கடைசி ஆசைதான் ராமசாமிக்கு முதல் ஆசை.

சின்னராசு அவருடைய சம்பந்தி. மகள் சுபஸ்ரீயை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறார். உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரம் பரோட்டா கடை. அதற்கு முன் இருபத்தோரு வருஷம் அபுதாபியில் ஏசி குழாய் மாட்டினார். கல்யாணப் பத்திரிகையில் ‘அபுதாபி சின்னராசு’ என்பது மாப்பிள்ளை பெயரைவிடக் கொட்டை எழுத்தில் இருந்தது. அன்றிலிருந்து ஆறு வருஷமாக, காதுகுத்தானாலும் கருமாதியானாலும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வழக்கைத்தான் பேசினார்கள்.

“அபுதாபிதான் தலைநகரம், சம்பந்தி. துபாய் இன்னா, பெரிய கடத்தெரு.”

“கடத்தெருவுல நிக்கிற கட்டடத்த உங்க தலைநகரத்துல படுக்க வெச்சா, கால் கடல்ல கெடக்குங்க.”

துரதிர்ஷ்டம் என்னவென்றால், சின்னராசுவுக்கும் நாற்காலி கிடைப்பதாக இருந்தது. அபுதாபி ஏ எழுத்து. “ஏ மொத நாற்காலிங்க, டி நாலாவது” என்று அவர் போன் பண்ணிச் சொன்னார். ராமசாமி அன்று கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகவில்லை.

இரண்டு பேருடைய நாற்காலியையும் ஒரே இழுப்பில் உருவியவர் அன்புச்செல்வன்தான். பிரவுசிங் சென்டரில் உலக நாடுகள் பட்டியல் ஒன்றை எழுத்து வாரியாகப் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தவருக்கு வேர்த்துவிட்டது. மறுநாள் காலையில் டிவிஎஸ் ஃபிப்டியில் துபாய் வீட்டு வாசலுக்கே வந்து இறங்கினார்.

“ராமசாமி, ஒண்ணு சொல்றேன், மனசத் தேத்திக்கினு கேளு. துபாய் ஒரு நாடே இல்லியாம்.”

ராமசாமி சிரித்தார். “அப்ப நான் பத்தொம்பது வருசம் எங்க போய்க்கினு வந்துக்கினு இருந்தேன்?”

“ஐக்கிய அரபு எமிரேட்ஸ். யூ. துபாயும் அதுல ஒண்ணு, அபுதாபியும் அதுல ஒண்ணு. ரெண்டும் யூவுக்குத்தான் போவுது. டி-ல இருக்கிறது டென்மார்க்கு, டொமினிக்கா, டொமினிக்கன் ரிபப்ளிக்கு, அப்புறம்” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார், “டி… ஜி… பௌ… ட்டி. அவ்வளவுதான்.”

“டிஜிபௌட்டியா? எங்க இருக்குது அது?”

“ஆரு கண்டா? லிஸ்ட்ல இருக்குது.”

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ரங்கம்மாள் கரிக்கையோடு வெளியே வந்தார். “இன்னாங்க செயலாளரே, கல்யாணம் ஆன நாலாம் மாசம் இந்த மனுசன ஏத்திவுட்டேன். நாடே இல்லாத எடத்துக்கா ஏத்திவுட்டேன்?”

அன்புச்செல்வன் காபி வேண்டாமென்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். நாய் மட்டும் கொஞ்ச தூரம் விரட்டிக்கொண்டு போனது.

இப்போது கணக்கு மாறிவிட்டது. யூ எழுத்துக்கு ஒரே நாற்காலி. அதற்கு ராமசாமியும் சின்னராசுவும் மோத வேண்டும். இரண்டே நாளில் சேதி நாலு தாலுகாவுக்கும் பரவியது. மூன்றாம் நாள் சுபஸ்ரீ வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நீ நிக்கிறியாப்பா?”

“ஏன், நிக்கக் கூடாதா?”

“மாமா ரெண்டு நாளா நான் குடுத்த தண்ணிய வாங்கிக் குடிக்கல. தானே போய் மொண்டுக் குடிக்கிறாரு. மாவு பெசையறப்ப ஒவ்வொரு அடிக்கும் ‘துபாயி, துபாயி’ன்னு அடிக்கிறாரு. இவரு எம் பக்கமும் பேச முடியாம, அவங்கப்பா பக்கமும் பேச முடியாம போனப் பாத்துக்கினே உக்காந்துருக்காரு. நீ நின்னா எனக்கு அங்க கஷ்டம். நிக்கலன்னா உனக்கு இங்க கஷ்டம். நான் எங்கப்பா நிக்கிறது?”

மகள் சாப்பிடாமலே அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சும்மா விட்டுக்கொடுக்க ராமசாமியால் முடியவில்லை. மகளை அழவைக்கவும் முடியவில்லை. ஆகவே ஒரே வழி, துபாயை நாடாக்கிவிடுவது. பெட்டியின் அடியில் கிடந்த பழைய பாஸ்போர்ட்டுகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார்.

“இந்தா பாரு, முத்திரை. ‘துபாய்’னு போட்டுருக்குதா இல்லியா? கவருமெண்டு முத்திரை. உன் லிஸ்ட்டு பெருசா, கவருமெண்டு பெருசா?”

அன்புச்செல்வன் நிதானமாகப் பார்த்தார். “அது ஏர்போர்ட்டு பேரு. இந்தப் பக்கம் சென்னைன்னும்தான் போட்டுருக்குது. சென்னை ஒரு நாடா?”

“வரி வாங்குறத பாத்தா நாடு மாதிரிதான் இருக்குது.”

“வெளாடாத.” அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், முதல் பாஸ்போர்ட்டில் ஒரு நீல முத்திரையின் மேல் விரலை வைத்து நின்றார். “இது இன்னா?”

“அதா? அது ஜிபூட்டி. மூணாவது வருசம் கம்பெனில வேல இல்ல. ஒரு லாஞ்சில ஜெனரேட்டர் ஏத்திக்கினு போச் சொன்னாங்க. எறக்குறதுக்குப் பேப்பரு வரல. பதினோரு நாளு அங்கியே கெடந்தோம். அத்த வுடு, அது ஜே நாடு. ஜப்பான், ஜோர்டான், ஜிபூட்டி.”

“ஜே-யா?” அன்புச்செல்வன் முத்திரையையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்தினார். நட்டுக்குப் போல்ட்டு பொருந்துகிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு இருபத்தாறு வருஷ சர்வீசில் ஒரு தடவைகூட வராத குரலில் கத்தினார். “யோவ்! முன்னாடி ஒரு டி இருக்குதுய்யா! நான் படிச்ச டிஜிபௌட்டிதான் உன் ஜிபூட்டி!”

“டி எதுக்கு அங்க? ஆரும் சொல்லலியே.”

“சொல்ல மாட்டாங்க. சும்மா நிக்கும். வேல செய்யாது.”

“சும்மா நின்னுக்கினு மொத எடமா அதுக்கு?” என்றார் ராமசாமி, பொறாமையோடு.

விதிப்படி, முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அதே எழுத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். டி எழுத்தில் சங்கத்திலேயே ஒரே ஆள்தான். அதனால் முன்மொழிந்தவர் ராமசாமி, வழிமொழிந்தவர் ராமசாமி, வேட்பாளர் ராமசாமி. “ஆட்சேபணை உண்டா?” என்று அன்புச்செல்வன் சட்டப்படி மூன்று தடவை கேட்டார். “இல்லீங்க” என்று மூன்று தடவை சொன்னதும் ராமசாமிதான். பதிவான வாக்கு ஒன்று, பெற்ற வாக்கு ஒன்று. கல்வராயன் மலை தோன்றிய காலத்திலிருந்து இப்படி ஒரு அமோக வெற்றி அந்தப் பக்கத்தில் நடந்ததில்லை.

யூ எழுத்தில் சின்னராசு ஜெயித்தார். ராமசாமி விலகியதும் துபாய்க்காரர்கள் அறுபது பேரும் ஆளுக்கொரு மனு போட்டு, ஆளுக்கொரு ஓட்டு வாங்கினார்கள். அபுதாபிக்காரர்கள் பத்தொன்பது பேரும் மூச்சுவிடாமல் சின்னராசுவுக்குக் குத்தினார்கள். அன்று சாயங்காலமே சுபஸ்ரீ போன் பண்ணினாள். “மாமா தண்ணி கேட்டாருப்பா. ரெண்டு சொம்பு குடிச்சாரு.”

எல்லாம் சுபமாக முடிந்திருக்க வேண்டும். அன்புச்செல்வன் அட்டை எழுதக் கொடுக்கிற வரைக்கும் முடிந்தும்தான் இருந்தது.

“அட்டையில ‘ஜிபூட்டி ராமசாமி’ன்னு போட்டுருக்கேன்.”

“துபாய் ராமசாமின்னு போடுப்பா. ஊருக்கே அதான் பேரு.”

“டி நாற்காலியில துபாய எப்டி வெக்கிறது? பாவாடை பாத்தான்னா, வெஸ்ட் இண்டீஸுக்கு நாற்காலி கேப்பான்.”

“பக்கத்துல சின்னதா?”

“ஸ்டோர்ல ஒரு பெட்டிக்கு ஒரு சீட்டுதான் ஒட்டுவோம்.”

ராமசாமி வீட்டுக்கு வந்து சொன்னபோது ரங்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டார். “நாளைக்கு கண்டக்டரு இன்னான்னு கூவுவான்? ‘ஜிபூட்டி வூடெல்லாம் எறங்கு’ன்னா? ஆருங்க எறங்குவாங்க? என்னிய ஜிபூட்டிக்காரம்மான்னு கூப்ட்டா நான் திரும்பிப் பாப்பேனா?”

“திரும்பாத. கூப்ட்டுப் பாத்துட்டு வுட்டுருவாங்க.”

“பேர வுட்டுட்டு நாற்காலி எதுக்கு?”

ராமசாமி கணக்குப் போட்டுப் பார்த்தார். பின்வாங்கினால் டி நாற்காலி காலியாகும். துபாய்க்காரர்கள் யூவுக்கு மறுதேர்தல் கேட்டு அவரை நிற்கச் சொல்வார்கள், சம்பந்தி மறுபடி தானே தண்ணீர் மொண்டு குடிப்பார். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கிளம்பினார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி வேன்கள் வளைந்து வளைந்து ஏறின. ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர், “ஜிபூட்டி வந்துருச்சா?” என்று கேட்டார். ராமசாமி ஜன்னலோரம் பலாமரங்களை எண்ணிக்கொண்டு வந்தார். கரியாலூர் போவதற்குள் அவர் எண்ணியது நாலாயிரம் மரம். உண்மையில் அத்தனை இருக்காது.

மேடையில் நாற்காலிகள் எழுத்து வரிசையில் போட்டிருந்தன. இடதுகோடிக்குப் பக்கத்தில் டி. வலதுகோடிக்குப் பக்கத்தில் யூ. நடுவில் வரிசையாக குவைத், லிபியா, மலேசியா, ஓமன் எல்லாரும். டபிள்யூவுக்கு ஆள் இல்லாத ஒரு நாற்காலி. அதைப் போடாவிட்டால் வேனை எடுக்க விட மாட்டேன் என்று பாவாடை சொல்லியிருந்தார். ஆளுக்கு ஐந்து நிமிஷம், அவரவர் நாட்டைப் பற்றி. ஏ எழுத்தில் ஆஸ்திரேலியாக்காரர் ஒன்றரை நிமிஷம் பேசினார். பஹ்ரைன்காரர் நன்றி மட்டும் சொன்னார்.

“அடுத்து, டி. ஜிபூட்டி ராமசாமி.”

கீழே விசில் பறந்தது. ராமசாமி மைக்கைப் பிடித்தார். “ஜிபூட்டியில…” என்றார். நிறுத்தினார். பிறகு மடை திறந்துகொண்டது.

“ஜிபூட்டியில மதியானம் ஒரு மணிக்கு ஒரு லாரி வருங்க. அதுல ஒரு தழ வரும். நம்ம வெத்தல மாதிரி மெல்றது. அந்த லாரி சத்தம் கேட்டுச்சின்னா, தொறமுகமே நின்னுரும். கிரேன்ல தொங்குற மூட்ட தொங்கிக்கினே நிக்கும். போலீசுகாரன் தழ மெல்லுவான், திருடன் தழ மெல்லுவான், ரெண்டு பேரும் ஒரே கட்டுலேருந்து மெல்லுவானுங்க. பிரெஞ்சுக்காரன் வுட்டுட்டுப் போன ரொட்டி ஒண்ணு இருக்குது, இம்மா நீளம்” என்று கையை விரித்தார். கூட்டம் ஆவென்று பார்க்கவே இன்னும் விரித்தார். “ஒருத்தன் கடிச்சிக்கினு இருக்கும்போதே அடுத்த தெருவுல இன்னொருத்தன் அதே ரொட்டிய கடிப்பான்.”

ஐந்து நிமிஷ மணி அடித்தது. யாரும் கேட்கவில்லை. அட்டைப்பெட்டி தின்னும் ஆடுகளைச் சொன்னார். நடந்தால் காலுக்கடியில் பனிக்கட்டிபோல நொறுங்கும் உப்பு ஏரியைச் சொன்னார். ஒரு வார்த்தை பாஷை தெரியாமல், ஒரு மூட்டை தூக்குகிறவன் வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து, ஒரே தட்டில் அவனுடைய எட்டுப் பிள்ளைகளோடு மீன் தின்றதைச் சொன்னார். எட்டுப் பிள்ளைகளின் பெயரையும் சொன்னார். பதினோரு நாளை நாற்பது நிமிஷம் பேசினார். பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்தவன் கரண்டியோடு அப்படியே நின்றான்.

மேடையின் மறுகோடியில் சின்னராசுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“சம்பந்தி! பதினோரு நாளுக்கே இவ்ளோன்னா பத்தொம்பது வருசத்துக்கு எவ்ளோ இருக்கும்! துபாயப் பத்தி அவுத்துவுடுங்க, கேப்போம்!”

கீழே அறுபது துபாய்க்காரர்களும் கை தட்டினார்கள். ராமசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“துபாய்ல” என்றார், “காலைல நாலரைக்கு பஸ்ஸு வரும்.”

எல்லாரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார்.

“சாயங்காலம் ஆறரைக்குத் திருப்பி பஸ்ஸு வரும்.”

கைதட்டல் நின்றுவிட்டது. ராமசாமி மைக்கை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். இன்னும் ஏதாவது இருக்கும் என்று தேடிப் பார்த்தார். “வெள்ளிக்கெழம துணி தொவைப்போம்” என்றார். அதோடு பத்தொன்பது வருஷமும் தீர்ந்துவிட்டது.

துபாய்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஓரிருவர் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

சின்னராசு கேலி பண்ண வாயைத் திறந்தார். வந்தது கேலி இல்லை, வேறு ஒரு குரலில் ஒரு கேள்வி.

“உங்க பஸ்ஸுல ஏசி இருந்துச்சிங்களா?”

“கடைசி ரெண்டு வருசம் இருந்துச்சி. உங்களுக்கு?”

“கடைசி வரைக்கும் இல்லீங்க.”

“நீங்க ஏசி கொழா மாட்டுற ஆளாச்சே!”

“மாட்டுனேன். ஊருக்கெல்லாம் மாட்டுனேன்.”

“தலைநகரத்துலயே இல்லியா?” என்றார் ராமசாமி. ஆறு வருஷ வழக்கில் அபுதாபியின் மேல் சரியாக விழுந்த முதல் அடி அது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. சின்னராசுவும் சிரித்துவிட்டார். எழுந்து, தன் யூ நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஓமனையும் மலேசியாவையும் குவைத்தையும் தாண்டி வந்து, டி-க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“யூ இங்க வரக்கூடாதுங்க!” என்று கத்தினார் அன்புச்செல்வன். “வரிசை கலையுது! எல்லாரும் பாக்கறாங்க!”

“இருங்க செயலாளரே” என்றார் சின்னராசு. “உங்க பஸ்ஸு இன்னா கலருங்க, சம்பந்தி?”

“வெள்ள. பக்கத்துல ஒரு பச்சக் கோடு.”

“எங்குளுதும் வெள்ளதான். ஆனா கோடு இல்லீங்க.”

“பாத்தீங்களா, கோடு கூட இல்ல” என்றார் ராமசாமி. டிரைவர் எந்த ஊர்க்காரன், எந்த சீட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வரும், எவன் யார் தோளில் சாய்ந்து தூங்கினான் என்று இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். மைக் இன்னும் ராமசாமியின் கையில்தான் இருந்தது. அணைக்கவும் இல்லை. அடுத்த எழுத்தைக் கூப்பிட வழியில்லாமல் அன்புச்செல்வன் பட்டியலோடு நின்றார். கீழே ஒரு துபாய்க்காரர், “எங்க பஸ்ஸுல கோடு நீலம்!” என்று எழுந்து நின்றார்.